பந்தலுக்குக் கை தூக்கினால் தோளில் பிடிக்கிறதா?

திராட்சையில் அடிச்சாம்பல் நோய் தென்பட்டால் மறுநாள் காலையிலேயே தெளிப்பானை எடுக்கிறோம். பாகலில் பழ ஈ கண்டால் பொறி வாங்கிக் கட்டுகிறோம். தெளிக்கிறவரின் தோளில் வலி கண்டால் மட்டும், 'வேலை முடியட்டும், பார்க்கலாம்' என்று மாதக் கணக்கில் தள்ளிப் போடுகிறோம். எல்லா வேலைக்கும் ஆள் வைத்துச் செய்யும் பெரிய தோட்டக்காரர் இதைத் தாங்கிக்கொள்வார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் பந்தலைத் தானும் தன் மனைவியுமாகப் பார்த்துக்கொள்ளும் சிறு விவசாயிக்கு வலக்கை தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை என்றால், கவாத்துக்குக் கூலி, கொடி கட்டக் கூலி, காய் பறிக்கக் கூலி என்று அந்த ஆண்டு லாபம் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே இந்த வாரம் பயிரை விட்டு, பயிரிடுகிறவரின் தோளைக் கவனிப்போம்.

தோள் வலி எல்லா விவசாயிகளுக்கும் வரக்கூடியதுதான். கதிர் அடிப்பவருக்கு வரும். மூங்கிலில் அரிவாள் கட்டித் தேங்காய் இறக்குபவருக்கு வரும். தொரட்டியால் முருங்கை பறிப்பவருக்கும், புளி உலுக்குபவருக்கும் வரும். ஆனால் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டே நாள் முழுவதும் செய்யும் வேலை என்றால் அது பந்தல் வேலைதான். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை அங்கே கல்கால் ஊன்றிய கம்பிப் பந்தல்களில் படர்ந்து கிடக்கிறது. மற்ற ஊர்களைப் போல ஒரே பருவத்தில் அறுவடை என்பது அங்கே கிடையாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும், இன்னொன்றில் கொடி கட்டுவார்கள், மற்றொன்றில் குலை அறுப்பார்கள். தம் தோட்டத்து வேலையை முடித்தவர் அடுத்த தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். வருமானத்துக்கு இது நல்லது. தோளுக்கோ ஓய்வுப் பருவம் என்பதே இல்லாமல் போகிறது. பாகல், புடலை, பீர்க்கை, கோவை என்று பந்தல் போட்டிருக்கும் மற்ற மாவட்டத்து விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

வலியின் அடையாளம்

இந்த வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கையைத் தொங்கவிட்டால் வலி அதிகம் இராது. பக்கவாட்டில் மெல்லத் தூக்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. தோள் மட்டத்தை நெருங்கும்போது சுரீர் என்று பிடிக்கும். அந்தக் கட்டத்தைப் பல்லைக் கடித்துத் தாண்டிவிட்டால், கை மேலே போன பிறகு வலி குறைந்துவிடும். இறக்கும்போது அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். கை தொங்குவதை 0 டிகிரி என்றும், தோள் மட்டத்தை 90 என்றும் வைத்துக்கொண்டால், பிடிக்கிற இடம் ஏறக்குறைய 60-லிருந்து 120 வரை இருக்கும். பந்தலில் கை நின்று வேலை செய்வதும், கை ஏறி இறங்கிப் போவதும் இந்த எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும்தான்.

வலி தோளின் உச்சியில் தெரிவதைவிட மேற்கையின் வெளிப்பக்கத்தில், சட்டைக் கை முடிகிற இடத்தில் தெரியும். அதனால் பலர் அதைக் கை வலி என்றே நினைத்து அங்கே தைலம் தேய்க்கிறார்கள். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கெடும். ஆண்கள் சட்டை மாட்டும்போது உணர்வார்கள். பெண்கள் தலை பின்னும்போதும், பின்பக்கம் கையைக் கொண்டுபோகும்போதும் உணர்வார்கள். வேலை செய்யும் நேரத்தில் சூட்டோடு சூடாகத் தெரியாமல், வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு வலி எடுப்பதும் வழக்கம்.

தோளுக்குள் என்ன நடக்கிறது?

இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டில் அந்த ஆழம் கிடையாது. பந்து பெரிது, கிண்ணம் சிறிது. சிறிய தட்டின் மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்ற அமைப்பு. அதனால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. தட்டிலிருந்து பழம் உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது, தோள்பட்டை எலும்பிலிருந்து வரும் நான்கு சிறு தசைகள். இவை முன்னும் மேலும் பின்னுமாகப் பந்தைச் சுற்றிக் கவிந்து, நார் போன்ற முனைகளால் எலும்பில் ஒட்டியிருக்கின்றன. கிராமத்தில் 'ஜவ்வு' என்று பொதுவாகச் சொல்கிறார்களே, இங்கே அது இந்தத் தசைநார்களைத்தான் குறிக்கும்.

இந்த நார்களுக்கு மேலே ஓர் எலும்புக் கூரை இருக்கிறது. தோளின் உச்சியைத் தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படுவது அதுதான். கூரைக்கும் பந்துக்கும் இடையில் உள்ள சந்து சுமார் 1 சென்டிமீட்டர்தான். அதற்குள் நாரும், அது வழுக்கிச் செல்ல உதவும் மெல்லிய பை ஒன்றும் இருக்கின்றன. கையைத் தூக்கும்போது அந்தச் சந்து இன்னும் குறுகுகிறது.

1972-ல் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கூரை எலும்பின் விளிம்பில் நார் உராய்ந்து தேய்வதுதான் இந்த வலிக்குக் காரணம் என்று எழுதினார். கவலை ஓட்டிய காலத்தில் வடம் உருளையில் உராய்ந்து உராய்ந்து நைந்துபோகுமே, அதைப் போல. படிக்க எளிதான விளக்கம். ஐம்பது ஆண்டுகளாக மருத்துவர்களும் நோயாளிகளும் அதைத்தான் சொல்லி வந்தார்கள். உராய்வு கொஞ்சம் உண்டு என்பதை இன்றும் யாரும் மறுக்கவில்லை. அதுவே முழுக் காரணம் என்பதைத்தான் இப்போது பலரும் ஏற்பதில்லை. வடம் உயிரற்றது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். தசைநார் உயிருள்ளது. பழகாத சுமையைத் திடீரென்று ஏற்றினால் நோகும், அளவாக ஏற்றிக்கொண்டே போனால் வலுப்பெறும். இளங்காளையை முதல் நாளே ஏரில் பூட்டி ஒரு ஏக்கர் உழவைத்தால் படுத்துக்கொள்ளும். பழக்கிப் பழக்கிக் கொண்டுபோனால் அதே காளை ஊருக்கே உழும். இந்த வேறுபாடு பேச்சளவில் நிற்பதல்ல. மருத்துவமே இதனால் மாறிவிடுகிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. கையை நேராக மேலே கொண்டுபோவது 180 டிகிரி. அதில் 120 மட்டுமே தோள் மூட்டில் நடக்கிறது. மீதி 60 முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. 1944-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். கூன் போட்டு நின்றால் தோள்பட்டை சரியாகச் சுழலாது. இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதுகைக் கூனி உட்கார்ந்து கையை மேலே தூக்கிப் பாருங்கள், ஓரிடத்தில் நின்றுவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து தூக்குங்கள். இன்னும் ஒரு சாண் மேலே போகும். காலையில் குனிந்து களை எடுத்துவிட்டு, அதே முதுகோடு பந்தலுக்குள் நுழைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எது சுமை?

'கவாத்துக் கத்தரி என்ன கனம் இருக்கப் போகிறது?' என்று கேட்கத் தோன்றும். கத்தரியின் எடை ஒரு பொருட்டே இல்லை. கைதான் சுமை. ஒருவரது கையின் எடை அவர் உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோ. இந்த 3 கிலோவை நீட்டிய நிலையில் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறோம். ஏற்றி இறக்கும் வேலையைவிட, அசையாமல் பிடித்து நிற்கும் வேலை தசையை விரைவில் சோர்வாக்கும். இறுகி நிற்கும் தசைக்குள் இரத்தம் சரியாக ஓடாது. சோர்ந்த சிறு தசைகள் பந்தைக் கிண்ணத்தில் பிடித்து நிறுத்தத் தவறும்போது, பந்து கூரையை நோக்கி ஏறி, இருக்கிற சந்தையும் அடைக்கிறது.

முதுகுத் தெளிப்பான் இரண்டாவது காரணம். 16 லிட்டர் தொட்டியில் தண்ணீரின் எடையே 16 கிலோ. காலித் தொட்டியின் எடை அதற்கு மேல். வாரின் இறுக்கம் தோளை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்த நிலையில் ஒரு கை ஓயாமல் நெம்பிக்கொண்டிருக்க, மறு கை குழலைப் பந்தலை நோக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாஷர் தேய்ந்த தெளிப்பானில் இரண்டு நெம்பு நெம்ப வேண்டிய இடத்தில் நான்கு நெம்ப வேண்டும். ஒரு வாஷர் விலை எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூட்டை தூக்குவதைப் பற்றியும் ஒரு வரி. யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகிவிட்டது என்றாலும், மற்ற உர மூட்டைகள் பலவும் 50 கிலோதான். தரையிலிருந்து ஒரே மூச்சில் தோளுக்கு வீசி ஏற்றும் அந்த ஒரு நொடியில்தான் பலருக்கும் நார் கிழிகிறது.

எல்லாத் தோள் வலியும் இது அல்ல

இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். இடது தோளில் வலி எடுத்து, அத்துடன் நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு முட்டல், தாடை வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும். கையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் தோள் வலி ஒரே மாதிரி இருந்தால், நோய் தோளில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கக்கூடும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியைக் காட்டுவது உண்டு. கழுத்திலிருந்து தொடங்கி முழங்கையையும் தாண்டி விரல் வரை மதமதப்பு ஓடினால் கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தோளில் வீக்கம், சிவப்பு, காரணமில்லாத உடல் மெலிவு இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடக் கூடாது.

மரத்திலிருந்தோ வரப்பிலிருந்தோ விழுந்த பிறகு, அல்லது மூட்டையை வீசிய அன்றைக்கே, கை தானாக எழவில்லை என்றால் நார் முழுதாக அறுந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் சில நாட்களுக்குள் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அடிபட்டு அறுந்த நாரைச் சேர்க்க அறுவை தேவை என்று முடிவானால், காலம் கடத்தாமல் செய்வதே நல்லது. இரண்டு மூன்று மாதம் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் நார் சுருங்கி, தசையும் மெலிந்திருக்கும்.

'உறைந்த தோள்' என்பது இன்னொன்று. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, இரண்டு முன்கைகளையும் கதவு திறப்பது போல் வெளிப்பக்கம் திருப்புங்கள். வலிக்கிற பக்கம் மட்டும் திரும்ப மறுத்து, வீட்டில் உள்ளவர் பிடித்துத் திருப்பினாலும் வராவிட்டால், அது பெரும்பாலும் உறைந்த தோள். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் வலியில், தானாகத் தூக்கும்போது பிடித்தாலும், தளர விட்டுவிட்டால் அடுத்தவர் கையைத் தூக்கிவிட முடியும். உறைந்த தோள் 40 முதல் 60 வயதில் அதிகம் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். காரணமே இல்லாமல் தோள் இறுகிவிட்டது என்பவர்கள் இரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்வது நலம். தோள் வலிக்காகப் போய், சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்தவர்கள் உண்டு.

செய்யக் கூடாதவை

முதலாவது, கட்டுப் போட்டுக் கையை அசையாமல் வைப்பது. எலும்பு முறிவுக்குக் கட்டுத் தேவை. இந்த வலிக்கு அது கெடுதல். நான்கு வாரம் கையைத் தூளியில் போட்டால் வலி குறைந்தது போலிருக்கும். கட்டை அவிழ்க்கும்போது தோள் இறுகிப் போயிருக்கும்.

அடுத்தது, மருந்துக் கடையில் 'செட் மாத்திரை' வாங்கி விழுங்குவது. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, சில சமயம் கொடுக்கிறவருக்கும் தெரியாது. டைக்ளோபினாக் போன்ற வலி மருந்துகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவரின் சிறுநீரகத்தை அவை இன்னும் கூடுதலாகப் பாதிக்கும். இந்த மருந்து போடப்பட்ட மாடுகள் இறந்து, அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால்தான், மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோபினாக் கூடாது என்று 2006-ல் நம் நாட்டில் தடை வந்தது. மனிதர் கழுகு அல்ல என்பது உண்மை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் சாப்பிடலாம். பந்தல் வேலைக்குப் போகுமுன் காலையில் ஒன்று, வந்த பின் ஒன்று என்று பருவம் முழுக்கச் சாப்பிடுவதைத்தான் கூடாது என்கிறோம்.

தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இரவில் தூக்கமே இல்லை என்கிற நிலையில், தேர்ந்த மருத்துவர் ஒரு முறை போட்டால் சில வாரங்களுக்கு நிவாரணம் கிடைக்கும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் நார் பலவீனப்படும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, ஸ்கேனைக் கண்டு மிரள்வது. 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். 1995-ல் அமெரிக்காவில், தோளில் வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நாரில் ஏதோ ஒரு கிழிசல் இருந்தது. வயதானால் தலை நரைப்பது போலத்தான் இதுவும். அடிபடாமல் மெல்ல வந்த வலிக்கு, ஸ்கேன் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அறுவைக்குத் துணியக் கூடாது.

அறுவையைப் பற்றிய ஆராய்ச்சி

உராய்வுதான் காரணம் என்றால் கூரை எலும்பைச் சீவிவிட்டால் வலி போக வேண்டும் அல்லவா? உலகம் முழுவதும் அதைத்தான் பல்லாயிரம் பேருக்குச் செய்தார்கள். இங்கிலாந்தில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு பிரிவினருக்குத் துளை போட்டு, குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் மூடிவிட்டார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் செய்யவில்லை. முதல் இரண்டு பிரிவுகளில் தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எலும்பைச் சீவியவர்களும் சீவாதவர்களும் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். எதுவும் செய்யாத பிரிவைவிட அவர்கள் மேலாக இருந்தாலும், அந்த வித்தியாசம் நடைமுறையில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது அச்சாயிற்று. பின்லாந்திலும் இதே போன்ற முடிவு கிடைத்தது. 2019-ல் பல நாட்டு வல்லுநர் குழு ஒன்று, இந்த வலிக்கு எலும்பு சீவும் அறுவை வேண்டாம் என்று உறுதியாகவே பரிந்துரை செய்தது. நார் முழுதாக அறுந்த கதை வேறு என்பதை மேலே சொன்னோம்.

சிறு விவசாயிக்கு இன்னும் பயன்படக்கூடிய ஆராய்ச்சி ஒன்று 2021-ல் வந்தது. அதுவும் இங்கிலாந்தில், 708 பேரை வைத்துச் செய்தது. சிலரைப் பல முறை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒரே ஒரு முறை நன்றாகச் சொல்லிக் கொடுத்து, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். பஸ் ஏறி நகரத்துக்கு வாரம் இரு முறை போக முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை. ஒரு முறை போய்ச் சரியாகக் கற்றுக்கொண்டு, விடாமல் செய்தால் போதும்.

வீட்டுத் திண்ணையில் செய்யும் பயிற்சி

வலி கடுமையாக இருக்கும் முதல் இரண்டு வாரம், கையை ஊஞ்சலாட்டுவது ஒன்றே போதும். நல்ல கையால் கட்டிலையோ திண்ணையையோ பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்தே அதை முன்னும் பின்னும் வட்டமாகவும் ஆட விட வேண்டும். ஒரு நிமிடம், காலையும் மாலையும். பாஸ்டன் நகரத்து மருத்துவர் காட்மன் 1934-ல் எழுதிய தோள் பற்றிய நூலின் காலத்திலிருந்து வழக்கத்தில் உள்ள பயிற்சி இது. சுவரை ஒட்டி நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவதும் நல்லது. எட்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் வாரா வாரம் முன்னேற்றம் தெரியும்.

வலி சற்றுத் தணிந்ததும் வலுவூட்டும் பயிற்சிக்கு வர வேண்டும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஊஞ்சலாட்டம் இறுக்கத்தைத்தான் போக்கும். நாருக்கு வலு கொடுக்காது. பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் நறுக்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். வலிக்கும் கை ஜன்னலுக்கு மறுபக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்கையை வயிற்றுப் பக்கமிருந்து வெளியே மெல்ல இழுத்து, மெல்லவே திரும்ப விட வேண்டும். துண்டு கீழே விழக் கூடாது. பத்து முறை செய்து சற்று ஓய்வெடுத்து, மொத்தம் மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். டியூப் தளர்வாகத் தோன்றும்போது ஓர் அடி தள்ளி நிற்கலாம்.

பிறகு தோள்பட்டைக்கு. நிமிர்ந்து நின்று, முதுகில் இரண்டு தோள்பட்டைகளையும் ஒன்றை ஒன்று நெருங்குமாறு பின்னால் இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும், பத்து முறை. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, தண்டால் எடுப்பது போல் சாய்ந்து தள்ளுவதும் இதற்கே. மூன்று நான்கு வாரம் கழித்து, அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பிடித்து, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை முன்பக்கமாகத் தோள் மட்டம் வரை தூக்கி இறக்கலாம். வலி இல்லை என்றால் இன்னும் மேலே. பிறகு ஒரு லிட்டர் பாட்டில்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்ற கேள்வி வரும். வலியைப் பத்துக்கு அளந்தால், பயிற்சியின்போது மூன்று, நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். காலையிலும் கூடுதலாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று கைவிடாதீர்கள். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியும், பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். தென்னைக்கு உரம் வைத்த மறு வாரமே குலையைத் தேடுகிறவர் யாரும் இல்லை.

படுக்கும்போது வலிக்கும் தோள் மேலே இருக்கும்படி மறுபக்கம் ஒருக்களித்து, மடித்த போர்வையை மார்போடு அணைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் அடங்கும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ விசாரிக்கலாம்.

பந்தல் வேலையில் மாற்றம்

'வேலையை விட்டுவிடுங்கள்' என்று சொல்வது எளிது. விட்டால் யார் செய்வது? ஆகவே வேலையை விடாமல் கையைக் கீழே இறக்கும் வழியைப் பார்க்க வேண்டும். பந்தல் உயரம் பொதுவாக ஆறரை அடி. ஐந்தடி நான்கு அங்குலம் உள்ள ஒருவரின் தோளுக்கும் பந்தல் கம்பிக்கும் இடையே சுமார் இரண்டு அடி. ஓர் அடி உயரமுள்ள பலகைப் பெட்டியில் ஏறி நின்றால் அது ஓர் அடியாகக் குறைகிறது. முழங்கையை மடக்கி, கண் மட்டத்தை ஒட்டி வேலை செய்யலாம். நான்கு கால் முக்காலி ஈர மண்ணில் புதைந்து சாயும்; அடியில் அகலமான பலகை வைத்த பெட்டியே நல்லது, காலால் நகர்த்திக்கொண்டே போகலாம். சாகிற கொடியை எட்டி இழுக்காமல், அதற்கு நேர் கீழே போய் நிற்க வேண்டும். கத்தரியைக் காலையில் தீட்டிக்கொண்டு போனால் அழுத்தம் பாதியாகும். அரை மணி நேரம் மேலே வேலை, பத்து நிமிடம் கீழே சருகு பொறுக்குவது, கொத்து அடுக்குவது என்று மாற்றிக்கொள்ளலாம். தம்பதியாகச் செய்கிறவர்கள் ஒருவர் அறுக்க ஒருவர் அடுக்க என்று இருந்துவிட்டால், மணிக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

தெளிப்பானை இரண்டு வார்களும் ஒரே நீளம் இருக்கும்படி மாட்டி, வாருக்குக் கீழே சாக்கை மடித்து வைக்கலாம். தோள் நோகும் காலத்தில் 16 லிட்டருக்குப் பதில் பத்து லிட்டர் நிரப்பினால் நடை கூடும், பாரம் குறையும். மருந்தையும் அந்தத் தண்ணீருக்குத் தக்கபடி அளந்து ஊற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தரையிலிருந்து முதுகுக்கு வீசி ஏற்றாமல், திண்டின் மேல் வைத்து, முதுகைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். சில தெளிப்பான்களில் நெம்புகோலை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வசதி உண்டு. பேட்டரித் தெளிப்பானில் நெம்புகிற வேலையே இல்லை. தோள் நோய் கண்டவர்கள் அடுத்து வாங்கும்போது அதையே வாங்கலாம்.

குணமான பிறகு முதல் நாளே முழு நாள் கவாத்துக்குப் போகக் கூடாது. முதல் வாரம் ஒரு மணி, அடுத்த வாரம் இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். கவாத்துக்கு நாள் குறித்திருப்பவர்கள், அதற்கு ஒன்றரை மாதம் முன்பே சைக்கிள் டியூப்பைக் கட்டிவிடுவது நல்லது.

புதிதாகப் பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். நீளமாகத் தொங்கும் புடலைக்கு உயரம் தேவை. திராட்சைக்கும் கோவைக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. காற்றோட்டத்துக்கும் நடமாட்டத்துக்கும் இடம் விட்டு, தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும். யார் தலைக்கு மேல் என்பதுதான் கேள்வி. கம்பி இழுக்க வருகிற ஆட்கள் தங்கள் உயரத்துக்கு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்டு முழுவதும் அதன் கீழே நின்று கொத்து அறுக்கப் போவது வீட்டுப் பெண்கள் என்றால், கல்கால் ஊன்றும் முன் அவர்களை நிற்க வைத்து அளந்துகொள்ள வேண்டும்.